மழைக்கால வேலையின்மையும் மரங்கள் தரும் விலையும்

தென் மாவட்டங்களில் காளவாசல் என்ற சொல்லுக்குச் சூளை என்று பொருள். செங்கல்லையும் சுண்ணாம்பையும் சுட்டெடுக்கும் இடம் அது. மதுரையின் மேற்கே, தேனி சாலையும் புறவழிச் சாலையும் சந்திக்கும் இடத்தைப் பேருந்து நடத்துநர்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். இன்று அங்கே சூளை இல்லை. மேம்பாலமும் கடைகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. ஆனால், அந்தப் பெயர் ஒரு பொருளாதார உண்மையை இன்னும் நினைவூட்டுகிறது. மழை தொடங்கினால் சூளை அணையும். சூளை அணைந்தால் தொழிலாளியின் அடுப்பும் அணையும். ஆண்டின் ஒரு பகுதியில் மட்டும் வருமானம் தந்து, மறு பகுதியில் கையை விரிக்கும் பருவகாலத் தொழிலின் இயல்பு அது.

அதே இயல்புடைய இன்னொரு தொழில் இப்போது காளவாசலைச் சுற்றியுள்ள எஸ்.எஸ்.காலனி, பொன்மேனி, கோச்சடை, விராட்டிபத்து பகுதிகளில் கண்ணில் படாமல் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டு மரங்களையும் தெரு மரங்களையும் கழித்து, வெட்டி, அப்புறப்படுத்தும் தொழில் அது. நான்கைந்து பேர், ஒரு ‘குட்டி யானை’ வண்டி, இரண்டு அரிவாள், ஒரு கோடரி, கயிறு, கடனில் வாங்கிய ஓர் இயந்திர வாள். பெரும்பாலான குழுக்களின் மூலதனம் இவ்வளவுதான். பெயர்ப் பலகை கிடையாது, அலுவலகம் கிடையாது, கைப்பேசி எண் மட்டுமே முகவரி. ஐப்பசி முதல் தை நடுப்பகுதி வரை இந்தக் குழுக்களுக்கு வேலை மிகவும் குறைந்துவிடுகிறது. இது அவர்களுடைய சொந்தக் கவலை மட்டும்தானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இல்லை என்பது என் கருத்து. அந்த மூன்று மாத வெறுமையின் விலையை நம் நகரத்தின் மரங்களும் சேர்ந்து செலுத்துகின்றன.

குளிர் நாடுகளில் குளிர்காலம் என்றால் பனி, இலை உதிர்ந்த மரம், உறைந்த மண். நம் சமவெளியில் அப்படி இல்லை. தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெறுகிறது. மதுரையின் குளிர்காலம் உறைய வைப்பதில்லை; நனைய வைக்கிறது. நனைந்த மரத்தில் கால் வழுக்கும். ஈரக் கிளை மின்கம்பியைத் தொட்டால் உயிர் போகும். எனவே அனுபவமுள்ள எந்த மரம் ஏறியும் அடைமழை நாள்களில் மரத்தில் கால் வைக்கமாட்டார்.

மழை ஒரு காரணம்தான். வேறு மூன்று காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது, பருவமழைக்கு முன்பே, ஆவணி, புரட்டாசி மாதங்களில், வீட்டுக்காரர்கள் கம்பியில் உரசும் கிளைகளைக் கழித்துவிடுகிறார்கள். மின்வாரியமும் மாதாந்திரப் பராமரிப்புக்கென மின்சாரத்தை நிறுத்தும் நாள்களில் தன் பங்குக்குக் கிளைகளை வெட்டிவிடுகிறது. இரண்டாவது, மார்கழியில் பெரும்பாலானோர் புதுமனை வேலைகளைத் தொடங்குவதில்லை. கட்டுமானத்துக்காக மனையைச் சுத்தம் செய்யும் வேலைதான் இக்குழுக்களுக்குப் பெரிய வருவாய். அது தை பிறக்கும்வரை தள்ளிப்போகிறது. மூன்றாவது, ஈர விறகுக்கு விலை இல்லை. விறகுக் கடைக்காரர் எடையைக் குறைத்து மதிப்பிடுவார். அல்லது ‘காய்ந்தபிறகு கொண்டு வா’ என்பார். காயவைக்க இடம் உள்ள குழுக்கள் எத்தனை?

இவ்வாறு கூலியும் விறகு வருமானமும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. ஆனால், வண்டிக் கடனின் தவணை சுருங்குவதில்லை. வாள் வாங்கிய கடனுக்கு மார்கழி விடுமுறை கிடையாது. வரவு பருவத்தைப் பொறுத்தும், செலவு நாள்காட்டியைப் பொறுத்தும் நடக்கும் தொழில்களில், இடைவெளியை நிரப்ப வருபவர் வட்டிக்குக் கொடுப்பவரே. தமிழகத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே இயற்றப்பட்டுவிட்டது. சட்டம் வட்டியைத் தடுக்கலாம். கடன் வாங்க வைக்கும் வெற்று மாதங்களைச் சட்டத்தால் நிரப்ப முடியாது.

கூலியாக மாறும் மரம்

பொருளியல் ஆசிரியனாக இத்தொழிலில் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பது அதன் ஊதிய முறை. மரத்தைக் கழிக்க வருபவருக்கு நாம் முழுக் கூலியைப் பணமாகத் தருவதில்லை. ‘விறகை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிறோம். சில நேரங்களில் மரம் பெரிதாக இருந்தால் குழுவிடமிருந்தே பணம் கேட்கிறோம். அதாவது, மரத்தைப் பேணும் சேவைக்கான விலை அந்த மரத்தின் உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது.

இதன் விளைவை ஒரு எடுத்துக்காட்டுக் கணக்கால் விளக்கலாம். இவை ஆய்வுப் புள்ளிவிவரங்கள் அல்ல. புரிதலுக்காக வைத்துக்கொள்ளும் எண்கள். நால்வர் கொண்ட குழு ஒன்றின் ஒரு நாள் கூலி ஆளுக்கு ரூ.800 வீதம் ரூ.3,200. எரிபொருளும் வண்டியும் ரூ.800. ஆக, நாளொன்றுக்கு ரூ.4,000 வந்தால்தான் கைப்பிடிப்பு இராது. வீட்டுக்காரர் ரூ.2,000 தருவதாகப் பேரம் முடிகிறது. மீதி ரூ.2,000 விறகிலிருந்து வரவேண்டும். முறையாகக் கவாத்து செய்தால், அதாவது காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, கம்பியைத் தொடும் கிளை ஆகியவற்றை மட்டும் அகற்றினால், கிடைக்கும் விறகு ரூ.700-க்கு மேல் போகாது. எஞ்சிய ரூ.1,300 எங்கிருந்து வரும்? பருத்த கிளையிலிருந்துதான் வரும். நிழல் தரும் கவட்டையோடு மரத்தை மொட்டையடித்தால்தான் கணக்கு நேராகும்.

நாம் மொட்டை மரத்தைப் பார்த்து, வெட்டியவரின் அறியாமையை நொந்துகொள்கிறோம். உண்மையில் அவர் நாம் வகுத்துக் கொடுத்த விலைக் கணக்கைத்தான் அரிவாளால் எழுதியிருக்கிறார். வேலை நிறைந்த மாதங்களில் அவர் ஓரளவு மறுத்துப் பேச முடியும்: ‘இந்தக் கிளை வேண்டாம் ஐயா, மரம் பட்டுவிடும்.’ வேலையற்ற மாதங்களில் அந்தப் பேரம் பேசும் ஆற்றல் போய்விடுகிறது. முழு மரத்தையும் வெட்டச் சொல்பவரின் அழைப்பு வந்தால், அதை விட்டுவிட அவரால் இயலாது. வெறுமையான பருவம் தொழிலாளியின் வயிற்றை மட்டுமல்ல, அவருடைய தொழில் நெறியையும் சுருக்குகிறது.

அரசுத் துறைகளும் இதே முறையைத்தான் பெரிய அளவில் பின்பற்றுகின்றன. சாலை விரிவாக்கத்துக்கு இடையூறாக உள்ள மரங்கள் ஏலம் விடப்படுகின்றன. ஏலம் எடுப்பவர் அரசுக்குப் பணம் செலுத்திவிட்டு மரத்தைக் கொண்டுசெல்கிறார். இங்கும் மரத்தின் மதிப்பு அதன் கன அடியில்தான் அளக்கப்படுகிறது. பல தலைமுறை நின்ற ஒரு புளிய மரம் சாலைக்குத் தந்த நிழலுக்கு அந்த ஏலப் பட்டியலில் பத்தி இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், பழைய கார்ச் சந்தையை முன்வைத்து, தரத்தை வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தைகளில் தரமானவை விலைபோகாமல் வெளியேறும் என்று காட்டினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மரக் கவாத்துச் சந்தைக்கும் இது பொருந்தும். எங்கே வெட்டினால் காயம் ஆறும், எங்கே வெட்டினால் மரம் அழுகும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தவறின் விளைவு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே தெரியும். எனவே அவர் குறைந்த கூலி கேட்பவரை அழைக்கிறார். கயிறு கட்டி, கிளையை மெல்ல இறக்கி, காயத்தைச் சீராக வெட்டித் தரும் திறமைசாலி அந்தக் கூலிக்குக் கட்டுப்படியாகாமல் கட்டட வேலைக்கோ கரிமூட்டத்துக்கோ போய்விடுகிறார். திறமை தொழிலிலிருந்து வெளியேறுவதற்கு மிக வசதியான வாயில், வேலையற்ற அந்த மூன்று மாதங்கள்தான்.

பருவத்தை வகுப்பது யார்?

பருவகாலத் தேக்கம் இயற்கையின் விதி, அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். ஜெர்மனியின் அனுபவம் வேறு பாடம் சொல்கிறது. அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம், பறவைகள் கூடுகட்டும் காலத்தைக் கருதி, மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை வேலிச் செடிகளையும் பல வகை மரங்களையும் கடுமையாக வெட்டுவதற்குத் தடை விதிக்கிறது. தோட்டத்து மரங்களுக்கும் மென்மையான கவாத்துக்கும் விலக்கு உண்டு. இதன் விளைவாக, வெட்டும் வேலையின் பெரும்பகுதி குளிர்காலத்துக்கு நகர்ந்தது. ஒரு தொழிலின் பருவத்தை வானம் மட்டுமன்றி, சட்டமும் வேலை ஒப்பந்தங்களும் சேர்ந்தே வகுக்கின்றன என்பதற்கு இது சான்று.

அத்துடன், வானிலையால் வேலை நின்றுபோகும் தொழிலாளரை அந்நாடு கைவிடுவதில்லை. கட்டுமானத் தொழிலாளருக்கு ‘மோசமான வானிலைப் படி’ என்ற ஏற்பாடு 1959-லேயே அங்கு தொடங்கியது. 2006 முதல் அது பருவகாலக் குறுகிய வேலைப் படியாக வேறு வடிவம் பெற்றது. டிசம்பர் முதல் மார்ச் வரை, வேலை இழந்த நேரத்துக்கான நிகர ஊதியத்தில் 60 விழுக்காடும், குழந்தை உள்ளவருக்கு 67 விழுக்காடும் கிடைக்கும். கட்டுமானம், கூரை வேலை ஆகியவற்றுடன் தோட்ட, நிலவனப்புத் தொழிலும் அதில் அடங்கும். வேலை கொடுப்பவர் தொழிலாளியைப் பணிநீக்கம் செய்யாமல் வைத்துக்கொள்வதே நோக்கம். திறமை தொழிலைவிட்டு வெளியேறாமல் இருக்க அந்நாடு தரும் விலை அது.

ஜெர்மனி பணக்கார நாடு என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தரப்படுகிறது. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் ரூ.1,500 செலுத்தினால், மத்திய அரசு ரூ.1,500, மாநில அரசு ரூ.1,500 சேர்த்து, வருமானம் குறைந்த மாதங்களில் ரூ.4,500 ஆகத் திருப்பித் தரப்படுகிறது. மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளருக்கு ரூ.5,000 வழங்கும் திட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. மழையில் சூளை வைக்க முடியாத மண்பாண்டத் தொழிலாளருக்கும் மழைக்காலப் பராமரிப்புத் தொகை உண்டு. மழை பறிக்கும் கூலிக்கு அரசு ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை நம் மாநிலத்தில் ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஒன்று. அதை மரத்தில் ஏறுபவருக்கும் நீட்டிப்பதுதான் எஞ்சியிருக்கிறது.

ஏன் நீட்டிக்கப்படவில்லை? அவர்கள் எந்தப் பட்டியலிலும் தனியாக இல்லை என்பதே காரணம். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின்கீழ்ப் பல நல வாரியங்கள் இயங்குகின்றன. பனைமரத் தொழிலாளருக்கும் தனி வாரியம் உண்டு. தென்னை மரம் ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அவர்களுக்கு விபத்துக் காப்பீடும் ஏற்படுத்தியது. பனையிலும் தென்னையிலும் ஏறுபவர் தொழிலாளி. வேம்பிலும் வாகையிலும் ஏறுபவர் ‘கூப்பிட்டால் வரும் ஆள்’. இந்த வேறுபாட்டுக்கு மரத்தின் இனத்தைத் தவிர வேறு நியாயம் இல்லை.

வெற்று மாதங்களில் உள்ள வேலை

நிவாரணம் பாதித் தீர்வுதான். உண்மையான தீர்வு வேலை. மழைக்காலத்திலும் அதன் பின் வரும் வறண்ட குளிர் வாரங்களிலும் மரங்களுக்குத் தேவையான வேலை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நிறையவே இருக்கிறது, ஆனால் அதற்கு வாங்குபவர் இல்லை.

அடைமழை நாள்களில் மரத்தில் ஏறக் கூடாது; ஆனால், தரையில் வேலை செய்யலாம். நம் தெரு மரங்கள் பலவற்றின் அடிப்பகுதியைச் சிமென்ட்டும் பேவர் பிளாக்கும் நெரிக்கின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரத்துக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. அந்த வேலைக்கு மண் இளகியிருக்கும் மழைக்காலமே ஏற்றது. வேர்க்குழியில் தேங்கும் ஒவ்வொரு குடம் மழைநீரும் சித்திரையில் பயன்படும். அடிமரத்தில் அடித்த விளம்பர ஆணிகளைப் பிடுங்குவது, மழையில் நட்ட கன்றுகளுக்குக் குச்சி ஊன்றிக் கட்டுவது, கூளத்தை எரிக்காமல் வேரடியில் மூடாக்காகப் பரப்புவது ஆகியவையும் இக்காலத்து வேலைகளே.

மழை ஓய்ந்த மார்கழி இறுதியிலும் தையிலும் வேறு வேலை காத்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் மழையை ஒட்டிய மாதங்களில் வேப்ப மரங்களின் நுனிக் கிளைகள் கருகிக் காய்வதைப் பலரும் கவனித்திருப்பார்கள். நுனிக்கருகல் என்னும் பூஞ்சை நோயும் தேயிலைக் கொசு என்னும் சாற்றுறிஞ்சிப் பூச்சியும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. மரம் செத்துவிட்டது என்று அஞ்சி வெட்டச் சொல்பவர்கள் உண்டு. ஆனால், பெரும்பாலான மரங்கள் கோடைத் தொடக்கத்தில் மீண்டும் துளிர்க்கின்றன. கருகிய நுனிகளை உலர்ந்த நாளில் கழித்து அப்புறப்படுத்தினால் போதும். ‘வெட்ட வேண்டாம், பொறுங்கள்’ என்று சொல்லத் தெரிந்த ஒருவர்தான் அப்போது தேவை. விறகை நம்பிப் பிழைப்பவர் அதைச் சொல்லமாட்டார். ஆலோசனைக்குக் கூலி பெறுபவர் சொல்வார்.

தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த இலக்கு வைத்திருக்கிறது. பொது இடத்து மரங்களை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி தேவை என்ற ஏற்பாடும் வந்துள்ளது. நடுவதற்கு இயக்கம் உண்டு. வெட்டுவதைத் தடுக்கக் குழு உண்டு. இரண்டுக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள் ஒரு மரத்தைப் பேணுவதற்கு ஆளும் இல்லை, நிதித் தலைப்பும் இல்லை.

என் பரிந்துரைகள் நான்கு. முதலாவது, மாநகராட்சியும் மின்வாரியமும் நெடுஞ்சாலைத் துறையும் கவாத்து வேலைக்குப் பன்னிரண்டு மாத ஒப்பந்தம் போடவேண்டும். கூலி நாள் கணக்கில் பணமாகத் தரப்படவேண்டும். விறகு தனியே எடைபோட்டுத் துறையின் கணக்கில் விற்கப்படவேண்டும். அரிவாள் பிடிப்பவருக்கும் விறகு விலைக்கும் உள்ள தொடர்பை அறுப்பதே எல்லாவற்றிலும் முதன்மையானது.

இரண்டாவது, நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தில் மரப் பராமரிப்பைச் சேர்க்கவேண்டும். கேரளம் 2010-லேயே அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. ராஜஸ்தான் 2022-இல் தொடங்கியது. தமிழகத்திலும் முன்னோடி முயற்சி நடந்திருக்கிறது. மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில் வார்டுக்கு நால்வர் வீதம், ஆண்டுக்கு 75 நாள், நாளொன்றுக்கு ரூ.700 கூலி என்று கணக்கிட்டால், 30,000 மனித நாள்கள், செலவு ரூ.2.10 கோடி. கருவிக்கும் மேற்பார்வைக்கும் மேலும் சிறிது சேரும். ஒரு மாநகரம் தன் நிழலைக் காக்க இது தாங்கமுடியாத தொகை அன்று.

மூன்றாவது, பயிற்சியும் சான்றிதழும் காப்பீடும். கயிறு கட்டும் முறை, வெட்டும் இடம், மின்கம்பி அருகே பாதுகாப்பு ஆகியவற்றை ஒரு வாரத்தில் கற்பிக்கலாம். வேலையற்ற ஐப்பசி, கார்த்திகையே அதற்கு உகந்த காலம். பயிற்சி நாள்களுக்குப் படியும் தரவேண்டும். சான்றிதழ் என்பது வீட்டுக்காரருக்குத் தரத்தைக் காட்டும் அடையாளம். அகெர்லாஃப் சுட்டிய சிக்கலுக்குத் தெரிந்த மருந்தும் அதுவே. நல வாரியப் பதிவும் மழைக்கால நிவாரணமும் அந்தச் சான்றிதழோடு இணையட்டும்.

நான்காவது, வீட்டுக்காரர்களாகிய நம் பங்கு. குளிர்சாதனப் பெட்டிக்கும் குடிநீர் சுத்திகரிப்பானுக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடுகிறோம். வாசலில் நிற்கும் வேம்புக்கு ஏன் போடக்கூடாது? ஒரு தெருவின் இருபது வீடுகள் சேர்ந்து ஒரு குழுவோடு ஆண்டுக்கு மூன்று வருகை என்று பேசிக்கொண்டால், குழுவுக்கு மார்கழியிலும் வருமானம். மரத்துக்கும் ஒரே ஆள் தொடர்ந்து பார்க்கும் நன்மை.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. மரம் வெட்டுபவருக்கு வேலை இல்லாத மாதங்கள் மரத்துக்கு நல்ல மாதங்கள்தானே, அதை ஏன் நிரப்பவேண்டும்? இத்தொழிலை வெட்டும் தொழிலாக மட்டும் பார்ப்பவருக்கு இவ்வாதம் சரியாகத் தோன்றும். ஆனால், பட்டினியாக இருப்பவர் வேலையைக் கைவிடுவதில்லை, மலிவாகச் செய்கிறார். மலிவாகச் செய்யப்படும் மர வேலை எதுவும் மரத்துக்கு நன்மை தருவதில்லை. அவரைத் தொழிலிலிருந்து விரட்டினாலும், அவருடைய இடத்துக்கு அவரைவிடக் குறைவாகத் தெரிந்த ஒருவர் அதே வாளோடு வருவார்.

மரம் நடும் விழாக்களுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. நட்ட மரம் நிழல் தரும் வயதை எட்டியதும் அதைத் தொடப்போகும் கை யாருடையது, அந்தக் கைக்கு யார், எதிலிருந்து கூலி தருகிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள் அமையும். அடுத்த பருவமழைக்கு முன் மாநகராட்சி தன் கவாத்து ஒப்பந்தங்களில் ‘விறகு ஒப்பந்ததாரருக்கு’ என்ற ஒரு வரியை மாற்றி எழுதினாலே, மாற்றம் தொடங்கிவிடும்.